பின்கதவு அப்பா

"அப்பா, நீ மட்டும் ஏன் எப்பவும் பின்கதவு வழியா வர்றே?"

இதைக் கேட்டபோது ஹெலெத்துக்கு ஆறு வயது. வேல்ஸ் கடற்கரையில் எங்கள் ஹோலிஹெட் தேவாலயத்தின் பின்கூடத்தில் தரையில் குப்புறப் படுத்து மரத்துண்டுகளால் ஒரு துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா டெயன் கையிலிருந்த மரத்துண்டை எங்கே வைப்பது என்று தேடுகிறவனைப் போல இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"கார் பின்னாடி சந்துல நிக்குதுல்ல கண்ணு, அதான்."

"அம்மாவுக்குக் கார் இல்ல. அதனாலதான் முன்கதவா?"

"ஆமா."

அவள் ஒப்புக்கொண்டு விளையாட்டுக்குத் திரும்பிவிட்டாள். டெயனுக்குத்தான் அந்தக் கேள்வி வீடு வரை கூடவே வந்தது.

பிரிந்துவிட்ட தாய் தகப்பன்மாருக்காகச் சனிக்கிழமை தோறும் அந்தக் கூடத்தைத் திறந்துவைக்கிறார்கள். பிள்ளை யாரோடு வாழ்கிறதோ அவர் அதை முன்கதவு வழியாகக் கொண்டுவந்து விடுவார். பார்க்க வருகிறவர் கால் மணி நேரம் முன்பே பின்கதவு வழியாக வந்து உட்கார்ந்துவிட வேண்டும். முடிந்ததும் பிள்ளை முதலில் போகும். மற்றவர் கால் மணி நேரம் காத்திருந்து அதன்பிறகு போக வேண்டும். இருவரும் தெருவில் முகத்துக்கு முகம் பார்த்துச் சண்டை வந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பின்கதவுக்காரர்கள் பெரும்பாலும் அப்பாக்கள். சந்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டு கதவு திறப்பதற்காகக் காத்திருப்பார்கள்.

"நம்ம சங்கத்துக்கு இன்னிக்கு முழு வருகை போல," என்பார் இறால் படகு வைத்திருக்கும் ஐவர் என்கிற பெரியவர். "தலைவர் தேர்தல் எப்பப்பா?"

"நீங்களே இருங்கண்ணே. மூணு வருஷமா வர்றீங்க. உங்களைவிட மூத்தவர் யாரு?"

சிரிப்பார்கள். உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டதும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோகும். எல்லோர் மனதிலும் அப்போது ஒரே எண்ணம்தான் இருக்கும். பிள்ளை இன்று வருமா?

டெயனுக்கு அந்தப் பயம் சனிக்கிழமையோடு நிற்கவில்லை. துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டி அவிழ்க்கும் வேலை அவனுக்கு. கடலுக்கு அப்பால் அயர்லாந்தின் டப்ளினுக்குப் போகும் கப்பல் கிளம்பும்போது கரையில் நின்று கனத்த கயிற்றைக் கொக்கியிலிருந்து கழற்றி விடுவான். ஹெலெத்தின் அம்மா லவ்ரியின் அக்கா டப்ளினில் இருந்தாள். இங்கேயே வந்துவிடு என்று தங்கையை அவள் பல நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதனால் ஒவ்வொரு கப்பலின் மேல்தளத்தையும் டெயனின் கண் தானாகவே தேடியது. ஹெலெத்தின் சிவப்புக் குல்லா எங்காவது தெரிகிறதா? ஒருநாள் தெரிந்தது. அது வேறு யாரோ ஒரு குழந்தை. அன்று கயிற்றைக் கழற்ற அவனுக்குக் கை வரவில்லை. மேலிருந்து மாலுமி கத்தும்வரை அப்படியே நின்றான்.

டெயனும் லவ்ரியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. ஹெலெத் பிறந்தபோது டெயன் வடகடலில் கேபிள் பதிக்கும் கப்பலில் இருந்தான். ஆறு வாரத்துக்குள் பிறப்பைப் பதிய வேண்டும், அவன் வந்துசேர இன்னும் நாளாகும் என்பதால் லவ்ரி மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்து வந்தாள். கல்யாணமாகாத அப்பா நேரில் வராமல் அவர் பெயரை எழுத முடியாது என்று அங்கே சொன்னார்கள். சரி, குடும்பப் பெயராவது அவனுடையதாக இருக்கட்டும் என்று அவள் எழுதச் சொன்னாள். அவன் வந்ததும் சேர்ந்து போய்த் திருத்திக்கொள்ளலாம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். பிறகு பல் முளைத்தது, நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். அந்தத் திருத்தம் மட்டும் நடக்கவே இல்லை. மகளுக்குத் தன் குடும்பப் பெயர் இருக்கும்போது தான் அப்பா இல்லையென்று யார் சொல்லப்போகிறார்கள் என்று டெயனும் இருந்துவிட்டான்.

பிரிவு அவன் கையால் வந்தது. ஒரு மாலை வீட்டில் வாக்குவாதம் முற்றி, கதவுக் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்தான். லவ்ரி மேல் ஒரு சில்லுகூடப் படவில்லை. ஆனால் அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு சமையலறை மூலையில் ஒடுங்கி நின்ற நிற்பு அவனுக்கு மறக்கவில்லை. அதன்பிறகுதான் சனிக்கிழமையும் பின்கதவும்.

பெற்றோர் பொறுப்பு கேட்டு அவன் மனுப் போட்டபோது வழக்கறிஞர் அம்மாள் நிலைமையை ஒளிக்காமல் சொன்னார்.

"பிறப்புப் பதிவுல உங்க பேர் இல்ல. கல்யாணமும் ஆகல. பிள்ளைக்காக முடிவெடுக்கிற உரிமை, பெற்றோர் பொறுப்புன்னு சட்டம் சொல்றது, உங்களுக்கு இன்னும் வரல. அது அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

"என் குடும்பப் பேர்தானே மேடம் அவளுக்கு?"

"பேர் வேற, பொறுப்பு வேற. இங்க பாதிப்பேர் இதைத்தான் தப்பா நினைச்சிட்டு இருக்காங்க."

"காய்ச்சல்னா தோள்ல போட்டுக்கிட்டு நடந்தது நான்."

"அதை நீதிபதிகிட்ட சொல்லுங்க. அதுக்குத்தான் மனு."

"அதுக்கு முன்னாடியே அவ டப்ளினுக்குப் போயிட்டா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இன்னிக்கு நிலைமைல உங்களைக் கேக்கணும்னு அவங்களுக்குக் கட்டாயம் இல்ல. வழக்கு நடக்கும்போது போனா நீதிமன்றம் கேள்வி கேக்கும். ஆனா போன பிறகுதான் கேக்கும். வர்ற வியாழக்கிழமை விசாரணை. அதுவரைக்கும் தயவுசெஞ்சு நீங்க ஒண்ணும் பண்ணிடாதீங்க."

போன பிறகுதான் கேக்கும். அந்தச் சொல்லோடுதான் அவன் விசாரணைக்கு முந்தைய சனிக்கிழமை பின்சந்துக்கு வந்தான்.

எந்நேரமும் மழை பெய்கிற எங்கள் ஊரில் அந்த வாரம் மழையே இல்லை. அதையே எல்லோரும் சந்தேகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஐவர்கூட, "கடவுள் நம்மளை மறந்துட்டாரா, இல்ல மன்னிச்சிட்டாரான்னு தெரியலையே," என்றார். டெயன் சிரிக்கவில்லை.

கூடத்துக்குள் எல்லாக் குழந்தைகளும் ஷூவைக் கழற்றிவிட வேண்டும். இது நெஸ்டா பாரியின் சட்டம். நெஸ்டா எழுபதைத் தாண்டியவர். சமையலறையில் டீ போடுவது, உலர்திராட்சை ரொட்டி அறுப்பது, மரத்தரையைப் பிள்ளைபோல் காப்பது எல்லாம் அவர்தான். தாமும் தெருவில் போடும் ஷூவை வாசலில் விட்டுவிட்டுத் துணிச் செருப்பு மாட்டிக்கொண்டுதான் உள்ளே நடப்பார். குழந்தைகளின் ஷூக்கள் சமையலறை வாசலில் வரிசையாக இருக்கும்.

ஹெலெத் ஓடிவந்து அவன் மடியில் ஏறினாள். "அப்பா, அம்மா பெரிய பெட்டி வாங்கினா. எனக்கும் ஒண்ணு. சிவப்பு. சக்கரம் வெச்சது."

டெயன் அவளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்தான். "எங்க போறீங்க?"

"தெரியாது. அம்மா சொல்லல. திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை. பெரியம்மா வருவாங்களாம்."

"கப்பல்லயா?"

"தெரியாதுன்னு சொன்னேன்ல. நீ ஏன் இவ்ளோ இறுக்கிப் பிடிக்கிறே?"

அவன் கையைத் தளர்த்தினான். உண்மையில் அவன் காலையிலேயே ஒரு முடிவோடு வந்திருந்தான். காரின் பின்னால் அவள் உட்காரும் இருக்கை, போர்வை, ஒரு பை நிறையத் துணி. ஸ்காட்லாந்தில் அவன் தம்பி இருந்தான். வியாழக்கிழமை வரை மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். விசாரணைக்குக் குழந்தையோடு போய் நின்றால் யாரும் அவளைக் கப்பலேற்ற முடியாது. பயம் ஒருவனுக்குள் புகுந்துவிட்டால் எந்தக் காரியத்தையும் நியாயமாகவே காட்டும். டெயன் கெட்டவன் அல்ல. அன்று அவனுக்குள் பயத்தைத் தவிர வேறு யாரும் குடியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

முன்வாசல் பக்கம் இரண்டு சிறுவர்கள் ஒரு பொம்மை லாரிக்காகச் சண்டை போட, சந்திப்பை மேற்பார்க்கும் பொறுப்பாளர்கள் அங்கே திரும்பினார்கள். டெயன் ஹெலெத்தின் கோட்டை எடுத்து மாட்டிவிட்டான். பித்தான்களைத் தப்புத் தப்பாகப் போட்டான். பின்கதவின் மேல்தாழ்ப்பாள் அவன் உயரத்துக்கு எட்டும்.

"எங்க போறோம்பா?"

"சும்மா, கடல் பக்கம். ஷூ போட்டுக்கோ."

அவள் சமையலறை வாசலுக்கு ஓடிப்போய் நின்றாள். "அப்பா, ஒரு ஷூதான் இருக்கு."

டெயன் போய்ப் பார்த்தான். வரிசையில் அவளுடைய இடது ஷூ மட்டும் இருந்தது. உள்ளே, நெஸ்டா அறையைச் சூடாக்கும் குழாயின் மேல் மற்றொன்றைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார்.

"ஈரமாயிருக்கு தம்பி," என்றார் திரும்பாமலே. "அப்படியே போட்டா பிள்ளைக்குச் சளி பிடிக்கும்."

"பரவால்ல மிஸஸ் பாரி. குடுங்க."

"காயட்டும்."

"பக்கத்துலதான் போறோம்."

"எங்க போனாலும் காய்ஞ்ச ஷூவோடதானே போகணும். பக்கத்துல கப்பு இருக்கு, தட்டிவிட்டுடாதே. அது சபைக் கப்பு. உடைஞ்சா மூப்பர்கள் கூட்டம் போட்டுடுவாங்க."

அவர் அவன் தோள் உயரம்கூட இல்லை. கை நீட்டி எடுத்திருக்கலாம். கப்பல் கயிற்றை இழுத்துப் பழகிய கை அது. டெயன் ஓர் அடி முன்னே வைத்தான். நெஸ்டா அந்த ஷூவின் மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டார், அடுப்பில் இருக்கும் பாத்திரத்தின் மூடியைப் பிடித்துக்கொள்வதுபோல. வேறெதுவும் செய்யவில்லை.

பின்னால் ஹெலெத் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ஒரு கால்லயே கடல் வரைக்கும் போகலாமா?"

டெயன் சமையலறை முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அவ போயிடுவா மிஸஸ் பாரி. பெட்டி வாங்கிட்டா. நான் கரையில நின்னு பாத்துக்கிட்டிருக்கணும். என் கையாலயே கயிறை அவுத்துவிடணும்."

"போவாளோ மாட்டாளோ, அது எனக்குத் தெரியாது." நெஸ்டா இப்போது திரும்பினார். அவர் முகத்திலும் பயம் இருந்தது. "நீ இந்தக் கதவு வழியா இப்ப போனா அந்தப் பிள்ளைக்கு இன்னிக்கு ராத்திரி அம்மா இருக்க மாட்டா. அது மட்டும் தெரியும். உனக்கு இப்ப எப்படி இருக்கு? அப்படித்தான் அவளுக்கும் இருக்கும்."

அவன் கையிலிருந்த கார்ச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"கோட்டைக் கழட்டிவிடு. உள்ள வேர்க்கும். ரொட்டி அறுத்து வெச்சிருக்கேன்."

நேரம் முடியும்வரை நெஸ்டா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. முன்கதவு மணி அடித்ததும் ஷூவைத் தாமே ஹெலெத்துக்கு மாட்டிவிட்டுக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் லவ்ரியிடம் விட்டு வந்தார்.

பிறகு அந்தக் கால் மணி நேரம். பின்கதவு அப்பாக்களுக்கு வாரத்திலேயே மிகக் கடினமான நேரம் அதுதான். பிள்ளை விளையாடிய பொருள்கள் அப்படியே கிடக்கும், பிள்ளை இருக்காது. டெயன் துறைமுகத்தைக் கலைத்து மரத்துண்டுகளைப் பெட்டியில் போட்டான். ஜன்னலுக்கு வெளியே சந்து புழுதியாகக் கிடந்தது. ஒரு வாரமாக எங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவன் நெடுநேரம் அந்தப் புழுதியைப் பார்த்தான். பிறகு சமையலறைத் தண்ணீர்க் குழாயைப் பார்த்தான். அது இன்னும் மெல்லச் சொட்டிக்கொண்டிருந்தது.

நெஸ்டா டீ கொண்டுவந்து வைத்தார். "குப்பை கொட்டப் போனேன். உன் காரைப் பாத்தேன்," என்றார்.

"நடந்ததைப் பொறுப்பாளர்கிட்ட எழுதிக் குடுப்பீங்களா?"

"ஒரு ஷூ ஈரமாச்சு. அதைப் போய் யாருக்கு எழுதறது?" அவர் எதிரில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "தப்புத்தான் பண்றேன்னு நினைக்கிறேன். எழுதத்தான் வேணும். இன்னிக்கு ராத்திரி ஜெபத்துல இதுக்கு நான் பதில் சொல்லிக்கணும். ஆனா நீ வாயால சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தி இருக்கா. நீயே சொல்லு. நான் எழுதிட்டா அந்த வாய்ப்பு உனக்குப் போயிடும்."

"சொன்னா எல்லாம் போயிடும் மிஸஸ் பாரி."

"போகலாம்," என்றார் நெஸ்டா. "டீயைக் குடி."

வியாழக்கிழமை கார்நார்வன் நீதிமன்றத் தாழ்வாரத்தில் லவ்ரி மறுகோடியில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். டெயன் அவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றதும் வழக்கறிஞர் அம்மாளின் முகம் மாறியது. விஷயத்தைக் கேட்டதும் இன்னும் மாறியது.

"சொல்லாதீங்க. அவங்க உள்ள போய் அதையே நீதிபதிகிட்ட சொல்லலாம். சொன்னா, உங்க மனு அங்கேயே முடிஞ்சாலும் முடியும்."

"தெரியும் மேடம்."

அவர் பெருமூச்சு விட்டு, லவ்ரியிடம் கேட்டுவந்து, தாமும் கூடவே நின்றார். டெயன் கொஞ்சம் தள்ளியே நின்றான். அவன் நெருங்கி நின்றால் லவ்ரி பயப்படுவாள் என்பது இப்போதெல்லாம் அவனுக்கு நினைவிருந்தது.

"சனிக்கிழமை நான் அவளைத் தூக்கிட்டுப் போகப் பாத்தேன் லவ்ரி. ஸ்காட்லாந்துக்கு. கார்ல எல்லாம் வெச்சிருந்தேன்."

லவ்ரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியும்."

"மிஸஸ் பாரி சொன்னாங்களா?"

"ஹெலெத் சொன்னா. அப்பா கோட்டு மாட்டிவிட்டாரு, ஆனா என் ஷூ மட்டும் குளிச்சிட்டு வந்திருந்துச்சுன்னு." அவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "அன்னிலேருந்து நான் தூங்கல. உள்ள போய் இதைத்தான் முதல்ல சொல்லணும்னு வந்தேன். நீயா சொல்லுவியான்னும் பாத்தேன்."

"நீ பெட்டி வாங்கிட்டேன்னு அவ சொன்னா. நீ டப்ளினுக்குப் போறேன்னு நினைச்சேன்."

"டப்ளினா?" லவ்ரி முதலில் புரியாமல் விழித்தாள். "எனக்குத் திங்கக்கிழமை லிவர்பூல்ல ஆபரேஷன் டெயன். மார்புல கட்டி. அதுக்குத்தான் அக்கா வர்றா. பக்கத்துல பேங்கர் ஊர்ல வீடு எடுத்து ஹெலெத்தை வெச்சுக்கப்போறா. அவளைப் பயமுறுத்த வேண்டாம்னு ஒண்ணும் சொல்லாம, சிவப்புப் பெட்டி மட்டும் வாங்கிக் குடுத்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, சீக்காளிகிட்ட பிள்ளை எதுக்குன்னு உள்ள போய்க் கேப்பே."

கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல டெயன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். போன வாரம் இருந்த பயத்தில் கேட்டிருந்தாலும் கேட்டிருப்பான்.

"கதவுக் கண்ணாடிக்கு நான் மன்னிப்பே கேக்கல," என்றான்.

"கேக்கல."

"இப்ப கேக்கிறேன்."

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "ஆபரேஷன் மேசையிலேருந்து நான் எழுந்திருக்கலன்னு வெச்சுக்கோ. அவளுக்கு ஒரு காய்ச்சல்னாகூடக் கையெழுத்துப் போட ஆள் இல்ல. பேரு மட்டும் உன் பேரு. அதை நினைச்சாத்தான் கட்டியைவிடப் பயமா இருக்கு." பிறகு வழக்கறிஞர் அம்மாளைப் பார்த்துச் சொன்னாள், "அந்தப் பொறுப்பை அவருக்குக் குடுக்கச் சொல்லி நானும் கேக்கிறேன். சனிக்கிழமை விஷயத்தையும் சொல்லத்தான் போறேன். ரெண்டையும் சொல்லுவேன்."

ரெண்டையும் சொன்னாள். நீதிபதி டெயனை நெடுநேரம் கேள்வி கேட்டார். சில கேள்விகள் சுட்டன. இறுதியில் இருவரும் ஒப்புக்கொண்டபடி பெற்றோர் பொறுப்பைக் கொடுத்தார். சந்திப்பு மட்டும் கோடைவரை கூடத்திலேயே, பொறுப்பாளர்கள் கண்முன்னே நடக்க வேண்டும் என்றார். டெயன் தலையாட்டினான். பின்கதவு அவனுக்கு இப்போது அவமானமாகத் தெரியவில்லை.

லவ்ரி ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில் ஒருநாள் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஹெலெத் விழுந்து நெற்றியில் அடி, டாக்டரிடம் தையல் போட வேண்டும். "நீங்க ஹெலெத்தோட அப்பாதானே?" என்று கேட்டார்கள். "ஆமா," என்றான். சரியாகக் கேட்டிருக்காதோ என்று பயந்து இன்னொரு முறையும் "ஆமா," என்றான்.

லவ்ரி மெல்லத் தேறினாள். கோடை வந்தபோது ஹெலெத் சனிக்கிழமைகளில் டெயனின் சிறிய மாடிவீட்டுக்கே வரத் தொடங்கினாள். முதல் நாள் வீடு முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பா, இங்க பின்கதவே இல்லையே," என்றாள். அவளுக்கு அது ஒரு குறையாகப் பட்டிருக்க வேண்டும்.

நெஸ்டாவுக்கு அவன் ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. சொல்லப் போனால் அவர், எதுக்கு, ஒரு ஷூவுக்கா என்பார். இது அவனுக்குத் தெரியும். அடுத்த குளிர்காலத்தில் துறைமுகத்தில் ஐவரைப் பார்த்தபோது, "பாரியம்மா பின்படியில சறுக்கி விழுந்துட்டாங்கப்பா. ஒரே பாசி. முழங்கால் வீங்கியிருக்கு. ஆனாலும் வர்றாங்க, சொன்னாக் கேக்கவா போறாங்க?" என்றார்.

அந்தச் சனிக்கிழமை விடியும்போதே டெயன் சந்துக்கு வந்தான். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டான். துறைமுகப் படிகளைச் சுரண்டும் இரும்பு மட்டையால் பின்படியில் இருந்த பச்சைப் பாசியை முழுவதும் வழித்தெடுத்தான். உப்பும் மணலும் கலந்து தூவினான். ஏறி இறங்கி, குதிகாலை ஊன்றித் திருப்பிப் பார்த்தான். சறுக்கவில்லை.

கப்பலின் ஊதல் கேட்டது. பழக்கத்தில் நெஞ்சு ஒருமுறை திடுக்கிட்டு அடங்கியது. வேலைக்கு நேரமாகிவிட்டது.

சாவி வழக்கம்போலப் பூத்தொட்டியின் அடியில் இருந்தது. உள்ளே போய்ச் சூடேற்றியைப் போட்டான். சமையலறை பெஞ்சுக்குக் கீழே நெஸ்டாவின் துணிச் செருப்புகள் கிடந்தன. இரவுக் குளிரில் சில்லிட்டு, லேசாக ஈரம் பிடித்திருந்தன. அவற்றை எடுத்துச் சூடேற்றும் குழாயின் மேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கவிழ்த்து வைத்தான். குழாய் சூடேறும்வரை அவற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

பிறகு கதவைப் பூட்டி, சாவியைத் தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, தூவிய மணலில் தன் காலடி விழாமல் ஓரமாகவே நடந்து போனான்.